‘கிளியர் ஷீட்’ என்று மட்டும் எழுதாதீர்கள்

(நம் பழைய மாணவர் சங்கச் சந்திப்பில், இயந்திரவியல் துறை 2010ஆம் ஆண்டு அணியைச் சேர்ந்த உறுப்பினர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

போன மாதம் செயலாளர் அண்ணன் போன் செய்தார். “தம்பி, நீ டெக்னிக்கலா ஏதாவது பேசணும். ஆனா உனக்குக் கொடுத்திருக்கிற நேரம் சாப்பாட்டுக்கு அப்புறம். அதை மனசுல வச்சுக்கோ” என்றார். பிரியாணிக்குப் பிறகு பேசுகிறவன் படும் பாடு எனக்குத் தெரியும். அதனால்தான் ஒரு சாட்சியத்தைக் கையோடு கொண்டுவந்தேன். காலையில் போர்டிகோவில் வைத்திருந்த வீடியோ கேம் பெட்டியை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். நமக்கு ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் எடுத்த சார், எல்.கே.ஜி. படிக்கும் ஒரு குழந்தையிடம் மூன்று ஆட்டம் தொடர்ச்சியாகத் தோற்றதையும் சிலர் பார்த்தீர்கள். “பட்டன் சரியில்லப்பா” என்று சார் சொன்னார். பட்டன் சரியாகத்தான் இருந்தது, சார்!

அந்தப் பெட்டியில் உங்கள் மணிக்கட்டு பட்ட இடத்தில், படத்துக்கு மேலே, ஒரு தெளிவான பிளாஸ்டிக் தகடு இருந்தது. கண்ணாடி மாதிரி இருக்கும், கண்ணாடி அல்ல. என் பேச்சு அந்தத் தகட்டைப் பற்றித்தான். அதை எப்படி வெட்டுவது, எப்படித் துளை போடுவது என்று சொல்லப்போகிறேன். கூடவே, அதே மாதிரி ஒரு தகட்டினால் நான் செய்த தவறு ஒன்றையும் சொல்லப்போகிறேன். அந்தத் தவறை இதற்கு முன் எந்த மேடையிலும் நான் சொன்னதில்லை.

முதலில் என்னைப் பற்றி இரண்டு வரி. வீடு திருவள்ளூர், வேலை கும்மிடிப்பூண்டி சிப்காட். இரண்டும் ஒரே மாவட்டம்தான். ஆனால் ரயிலில் போகவேண்டும் என்றால் அரக்கோணம் லைனில் ஏறி, பேசின் பிரிட்ஜ் பக்கம் வந்து, கூடூர் லைனுக்கு மாறி, மறுபடி வடக்கே போகவேண்டும். மூக்கைச் சுற்றித் தொடுகிற கதை. அதனால் பெரியபாளையம் வழியாக பைக்கிலேயே பல வருஷம் போய்வந்தேன். கம்பி உருட்டும் ஆலைகளின் புகையைப் பார்த்தால் கும்மிடிப்பூண்டி நெருங்கிவிட்டது என்று அர்த்தம்.

சின்ன வயசில், திருவள்ளூர் தேரடிப் பக்கம் ஒரு வீடியோ கேம் கடை இருந்தது. உயரமான மரப்பெட்டி, உள்ளே டி.வி.; காசு போட்டால் சண்டை. 1991இல் கேப்காம் நிறுவனம் வெளியிட்ட ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’ எங்கள் ஊருக்குச் சில வருஷம் தாமதமாக வந்து சேர்ந்தது. குத்துக்கு மூன்று பட்டன், உதைக்கு மூன்று பட்டன், ஆக ஆறு. பள்ளிக்கூடப் பையன்கள் அத்தனை பேரின் வியர்வையும் அந்தப் பலகையில்தான் ஊறியிருந்தது. அதற்கு மேலே படம் அழியாமல் இருக்க ஒரு தெளிவான தகடு போட்டிருப்பார்கள். அந்தத் தகட்டில் ஒவ்வொரு பட்டனைச் சுற்றியும் சிலந்தி வலை மாதிரி விரிசல் இருக்கும். பையன்கள் ஓங்கி அடித்ததால் வந்த விரிசல் என்றுதான் அப்போது நினைத்தேன். அது அடியால் மட்டும் வந்ததல்ல என்பது இந்தக் கல்லூரியில் நான்கு வருஷம் படித்து முடித்து, அதற்கும் ஒரு வருஷம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது.

2011ஆம் வருஷம். தொழிற்சாலையில் நான் டிரெய்னி முடித்து ஜூனியர் இன்ஜினியர் ஆன சமயம். 12 இயந்திரங்களின் கன்ட்ரோல் பேனலில் ஸ்டார்ட், ஸ்டாப் என்று ஒட்டியிருந்த எழுத்தெல்லாம் எண்ணெய் பட்டு அழிந்துபோயிருந்தது. புது எழுத்து ஒட்டி, மேலே 3 மில்லிமீட்டர் அக்ரிலிக் தகடு போட்டு மூடும் வேலை எனக்கு வந்தது. தொழிற்சாலைப் புஷ் பட்டனுக்குத் துளை 22.5 மில்லிமீட்டர். ஜப்பான் வகை கேம் பட்டனுக்கு 30, சின்னதற்கு 24. அமெரிக்க வகைக்கு ஒன்றும் எட்டில் ஒரு பங்கும் அங்குலம், சுமார் 28.6. அளவுதான் வேறு, வேலை அண்ணன் தம்பி.

இரும்பில் துளை போடுகிற அதே டிரில் பிட்டை மாட்டினேன். அதே அழுத்தம் கொடுத்தேன். பிட் அடிப்பக்கம் வெளியே வரும் நொடியில் தகட்டைக் கவ்வி இழுத்தது. ‘டக்’ என்று ஒரு மூலை தெறித்துப் போனது. அடுத்த தகடும் அப்படியே. நாலாவது தகடு உடைந்தபோது டூல் ரூம் அண்ணன் எழுந்து வந்தார். ஐ.டி.ஐ. படித்தவர், என் அப்பா வயசு. என்னை ‘சார்’ என்றுதான் கூப்பிடுவார்; எனக்குத்தான் கூச்சமாக இருக்கும். பிட்டைக் கழற்றி, சின்ன எண்ணெய்க் கல்லில் அதன் வெட்டும் முனைகள் இரண்டையும் லேசாகத் தேய்த்தார். கூரான முனையைப் போய் மழுக்குகிறாரே என்று எனக்குப் பதறியது. அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: “இது இதை வெட்டக்கூடாது சார். சுரண்டணும்.”

தம்பிகளே, இதைத்தான் நம் புத்தகத்தில் ‘ரேக் ஆங்கிள்’ என்று படித்தோம். இரும்புக்கான பிட்டில் அந்தக் கோணம் முன்பக்கம் சாய்ந்திருக்கும். பொருளுக்குள் தன்னைத்தானே இழுத்துக்கொண்டு போகும். அக்ரிலிக் அந்த இழுப்பைத் தாங்காது. அந்தக் கோணத்தைப் பூஜ்யம் ஆக்கிவிட்டால் பிட் இழுக்காது, வழித்தெடுக்கும். பரீட்சையில் இதற்கு நான் படம் போட்டு மார்க் வாங்கியிருக்கிறேன். ஆனால் கையில் பிட் இருந்தபோது ஞாபகம் வரவில்லை.

அண்ணன் சொன்னபடி செய்து 12 தகடும் முடித்தேன். பளபளவென்று இருந்தது. பாதுகாப்புத் தாளின் பசை கொஞ்சம் ஒட்டியிருந்ததால் தின்னர் போட்டுத் துடைத்து மாட்டினேன். ஒரே வாரம். ஒவ்வொரு பட்டனைச் சுற்றியும் சிலந்தி வலை! யாரும் அடிக்கவில்லை, யாரும் தொடக்கூட இல்லை. தேரடிக் கடையில் பார்த்த அதே விரிசல்.

டூல் ரூம் அண்ணன் சொன்னார்: “ஹோலுக்குள்ள நின்னுபோன சூட்டை நீங்க பாக்கல சார். தின்னர் பாத்துடுச்சு.”

இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்ல முடியாது. துளை போடும்போது உரசி எழும் சூட்டில் துளையின் ஓரம் மட்டும் விரிந்து, மறுபடி சுருங்கி, ஓர் இழுவிசையை உள்ளேயே வைத்துக்கொள்கிறது. பார்வைக்குத் தெரியாது. தின்னர், அசிட்டோன், ஸ்பிரிட் போன்றவை பட்டால், இழுவிசை உள்ள இடத்தில் மட்டும் புகுந்து விரிசலாகத் திறந்துவிடும். இழுவிசை இல்லாத இடத்தில் அவ்வளவு சீக்கிரம் ஒன்றும் செய்யாது. இன்னொன்று: இழுக்கப்படும் தகட்டில் ஒரு வட்டத் துளை இருந்தால், துளையின் ஓரத்தில் அழுத்தம் மற்ற இடத்தைவிட 3 மடங்கு என்று ஜெர்மானியர் கிர்ஷ் 1898இலேயே கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார். காலையில் தோற்றுப்போன நம் சார்தான் இதைக் கரும்பலகையில் நிரூபித்தவர். சார், அன்று நீங்கள் சொன்னது எல்லாம் சரி. நான்தான் பின் பெஞ்சில் இருந்தேன்.

2020இல் இதே விஷயத்தை ஊரே பார்த்தது. கொரோனா காலத்தில் கடை, வங்கி, ஆஸ்பத்திரி கவுன்ட்டர் எங்கும் தெளிவான தகடு நிறுத்தினார்கள். அக்கறையாக தினமும் சானிட்டைசர் போட்டுத் துடைத்தார்கள். அதில் இருப்பது ஆல்கஹால். கொஞ்ச நாளில் அக்ரிலிக் தகடுகளில் துளையைச் சுற்றியும் வெட்டிய ஓரத்திலும் நரம்பு ஓடியது. அக்ரிலிக்கைத் துடைக்கச் சோப்புத் தண்ணீரும் மெல்லிய துணியும் போதும். வேறு எதுவும் வேண்டாம்.

இனி என் தவறுக்கு வருகிறேன்.

2014. அப்போது நான் வேலை செய்த நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். ஒரு கடைசல் இயந்திரத்தின் பாதுகாப்புக் கதவில் ஜன்னல் கண்ணாடி மங்கிப்போனது. உள்ளே ஜாப் சுற்றும்; வெளியே ஆப்பரேட்டர் நின்று ஜன்னல் வழியாகப் பார்ப்பார். மாற்றுத் தகட்டுக்கு ஒரு கோட்டுப்படம் போட்டுக் கொடுக்கச் சொன்னார்கள். பத்து நிமிட வேலை. நீளம், அகலம், நான்கு துளை எல்லாம் போட்டேன். பொருள் என்ற கட்டத்தில் ‘கிளியர் ஷீட், 5 எம்.எம்.’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

தெளிவான தகடு என்று கடையில் கேட்டால் இரண்டு பொருள் கிடைக்கும். ஒன்று அக்ரிலிக், பாலிமெத்தில் மெத்தக்ரிலேட் என்பது முழுப்பெயர். 1933இல் ஜெர்மனியில் ‘பிளெக்ஸிகிளாஸ்’ என்று சந்தைக்கு வந்தது, இங்கிலாந்தில் ‘பெர்ஸ்பெக்ஸ்’. நம் ஊர் பழைய போர்டு எழுதும் ஓவியர்கள் இன்றும் பெர்ஸ்பெக்ஸ் என்றுதான் சொல்கிறார்கள். மற்றொன்று பாலிகார்பனேட். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பழகாத கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. எடையும் கிட்டத்தட்ட ஒன்றே. ஒரு கன சென்டிமீட்டருக்கு 1.2 கிராம் அளவு. ஆனால் குணம் வேறு. அக்ரிலிக் வெயிலுக்கு மஞ்சளாகாது, எளிதில் கீறல் விழாது, விலையும் குறைவு. ஆனால் வேகமாக ஏதாவது வந்து மோதினால் கூரான சில்லாக உடையும். பாலிகார்பனேட்டில் சீக்கிரம் கீறல் விழும். ஆனால் மோதினால் வளைந்து தாங்கும். இயந்திரத்தின் பாதுகாப்பு ஜன்னலுக்கு வேண்டியது இதுதான்.

நான் எழுதியது ‘கிளியர் ஷீட்’. வாங்கும் பிரிவில் இருந்தவர் அளவு பார்த்தார், விலை பார்த்தார், அக்ரிலிக் வாங்கினார். அவர்மேல் என்ன தப்பு? நான் கேட்டதைத்தான் வாங்கினார்.

மூன்று மாதம் ஒன்றும் நடக்கவில்லை. ஒரு நைட் ஷிஃப்டில் சக்கின் பிடி நழுவி, ஜாப் தெறித்து ஜன்னலில் மோதியது. தகடு உடைந்து சிதறியது. அங்கே நின்றவன் ஒடிசாவிலிருந்து வந்த ஒப்பந்தத் தொழிலாளி, 22 வயசுப் பையன். வலது கண்ணுக்குக் கீழே, கண்ணுக்கும் வெட்டுக்கும் இடையே ஒரு விரல் அகலம். ஏழு தையல் போட்டார்கள். கண் தப்பித்தது. கடவுள் காப்பாற்றினார் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன்.

மறுநாள் விசாரணை அறிக்கை தயாரானது. காரணம் என்ற கட்டத்தில் ‘ஆப்பரேட்டரின் கவனக்குறைவு, ஜாபைச் சரியாக இறுக்கவில்லை, ஜன்னலுக்கு மிக அருகில் நின்றார்’ என்று இருந்தது. அந்தப் பையனுக்குத் தமிழும் படிக்கத் தெரியாது, இங்கிலீஷும் படிக்கத் தெரியாது. கட்டுப்போட்ட முகத்தோடு வந்து, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, “சார், காம் சே தோ நஹீ நிகாலேங்கே?” என்று என்னைக் கேட்டான். வேலையை விட்டு அனுப்பிவிட மாட்டார்களே என்பதுதான் அவன் கவலை. அவனுக்கு யார்மேலும் கோபம் இல்லை.

உடைந்த சில்லு ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். கொல்லைப்புறத்தில் அதில் ஒரு சின்னத் துண்டை இடுக்கியில் பிடித்து நெருப்புக் காட்டினேன். அக்ரிலிக் என்றால் நின்று நிதானமாக எரியும், தீயை எடுத்தாலும் எரிந்துகொண்டே இருக்கும், பழ வாசனை மாதிரி ஒரு வாசனை வரும். பாலிகார்பனேட் என்றால் கரும்புகை விட்டுக் கருகும், தீயை எடுத்தால் தானாக அணைந்துவிடும். என் கையில் இருந்தது அணையவில்லை.

உண்மையைச் சொல்கிறேன். இரண்டு நாள் வாய் திறக்கவில்லை. ‘ஜாபை இறுக்காதது அவன்தானே’ என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஜாப் நழுவலாம். அது நழுவும் என்பதற்காகத்தானே அந்தக் கதவே இருக்கிறது? மனிதன் தவறு செய்வான் என்று தெரிந்து வைத்த காவலை, என்னுடைய இரண்டு சொல் பொய்யாக்கிவிட்டது. ‘கிளியர் ஷீட்’ என்று நான் எழுதியதும், ‘கவனக்குறைவு’ என்று அவர்கள் எழுதியதும் ஒரே வகை எழுத்து. இரண்டும் கட்டத்தை நிரப்பின. இரண்டுமே விஷயத்தைச் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் டூல் ரூம் அண்ணனிடம் போய்ச் சொன்னேன். அவர் திட்டவில்லை. “டிராயிங் உங்ககிட்டதானே சார் இருக்கு? எடுத்துட்டுப் போங்க” என்றார், அவ்வளவுதான். எடுத்துக்கொண்டு மேலாளர் அறைக்குப் போனேன். அந்த ஆண்டு எனக்கு இன்க்ரிமென்ட் இல்லை. அறிக்கை திருத்தி எழுதப்பட்டது. மற்ற இயந்திரங்களையும் சோதித்தபோது இன்னும் இரண்டு ஜன்னலில் அக்ரிலிக் இருந்தது, எல்லாவற்றையும் மாற்றினார்கள். பாலிகார்பனேட்டுக்கும் ஆயுள் உண்டு, கூலன்ட்டும் எண்ணெயும் பட்டுப் பட்டு வருஷக்கணக்கில் பலம் குறையும் என்பதால், மாட்டிய தேதியை ஒவ்வொரு ஜன்னலின் ஓரத்திலும் எழுதிவைக்கும் வழக்கம் அன்றுதான் அங்கே வந்தது. அந்தப் பையன் இன்னும் ஒரு வருஷம் எங்களோடு வேலை செய்தான். திருத்திய அறிக்கையை இந்தி தெரிந்த ஒருவரை வைத்து அவனுக்குப் படித்துக் காட்டினோம். கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினான், ஒன்றும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு ஆறு வருஷம் கழித்து, 2020 லாக்டவுனில், அக்கா பசங்களுக்காக நான் செய்ததுதான் வெளியே இருக்கும் பெட்டி. பழைய மானிட்டர், உள்ளே ஒரு சின்னக் கம்ப்யூட்டர், கொஞ்சம் பிளைவுட். தளர்வு வந்த பிறகு ரிச்சி தெருவுக்குப் போய் ஒயரும் ஸ்விட்சும் வாங்கினேன். காக்களூர் சிட்கோவில் போர்டு செய்யும் ஒரு சின்னப் பட்டறையில் அக்ரிலிக் துண்டுகள் கேட்டு வாங்கிக்கொண்டேன். வீட்டில் செய்ய நினைக்கும் தம்பி, தங்கைகளுக்காக முறையைச் சொல்கிறேன். குறித்துக்கொள்ளுங்கள்.

முதலில் தகட்டைத் தெரிந்துகொள்ளுங்கள். அக்ரிலிக்கிலேயே இரண்டு வகை: அச்சில் வார்த்தது, பிதுக்கி எடுத்தது. கடையில் ‘காஸ்ட்’, ‘எக்ஸ்ட்ரூடட்’ என்று கேட்கலாம். பிதுக்கியது விலை குறைவு, ஆனால் சூட்டில் சீக்கிரம் இளகிப் பிட்டில் பிசின்போல் ஒட்டிக்கொள்ளும். துளை போட வார்த்த தகடே நல்லது. கேம் பலகைக்கு 3 மில்லிமீட்டர் போதும். கீழே மரம் தாங்குகிறது. கீழே எதுவும் தாங்காத இடத்துக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

தகட்டின் மேல் ஒட்டிய தாளைக் கடைசிவரை உரிக்காதீர்கள். அதன்மேலேயே பென்சிலால் குறியுங்கள். நேர்க்கோட்டில் வெட்ட வேண்டுமானால் பழைய ஹேக்ஸா பிளேடை உடைத்து, முனையைக் கொக்கிபோல் தேய்த்துக்கொள்ளுங்கள். இரும்பு ஸ்கேலை அழுத்திப் பிடித்து, ஒரே கோட்டில் எட்டு, பத்து முறை இழுத்தால் மூன்றில் ஒரு பங்கு ஆழம் வரும். கோட்டை மேஜை ஓரத்தில் வைத்து ஒரே அழுத்து. முறுக்கு உடைவது மாதிரி உடையும். கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு செய்யுங்கள். இதை நான் ஏன் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும்.

அடுத்தது துளை. பட்டனுக்கான பெரிய துளைகளை முதலில் பிளைவுட்டில் சரியான அளவில் போட்டு முடியுங்கள். பிறகு அக்ரிலிக்கை அதோடு சேர்த்து இறுக்கமாகக் கிளாம்ப் செய்யுங்கள். தகட்டைக் கையால் பிடித்துக்கொண்டு துளை போடவே கூடாது. பிட் கவ்வினால் தகடு விசிறிபோல் சுற்றும். ஒவ்வொரு துளையின் நடுவிலும் தகட்டில் சின்னத் துளை போட்டு, நுனியில் பேரிங் உள்ள டிரிம்மர் பிட்டை அதில் இறக்குங்கள். தச்சர்கள் சன்மைக்கா ஓரம் வழிக்கிற அதே கருவிதான். பேரிங் மரத்துளையின் சுவரைத் தொட்டுக்கொண்டே சுற்றும். மேலே அக்ரிலிக்கும் அதே வட்டமாக வெட்டுப்படும். மரத்துளையும் தகட்டுத்துளையும் ஒரு மயிரிழை விலகாது. டிரிம்மர் இல்லாதவர்கள் படிப்படியாகப் பெரிதாகும் ஸ்டெப் டிரில் போடலாம். எதைப் போட்டாலும் அடியில் ஒரு வீண் பலகை வையுங்கள், மெதுவாக இறக்குங்கள், அடிக்கடி பிட்டை மேலே எடுத்துத் தூளைத் தட்டுங்கள். தூள் பொடியாகவோ சுருளாகவோ வந்தால் சரி. நூல்போல் இழுத்து ஒட்டினால் சூடு ஏறிவிட்டது, நிறுத்துங்கள்.

திருகாணித் துளையில்தான் பலர் ஏமாறுகிறார்கள். அக்ரிலிக் வெயிலில் விரியும் அளவு இரும்பைவிட ஆறு மடங்கு. 600 மில்லிமீட்டர் நீளப் பலகை, விடியற்காலைக்கும் நடுப்பகலுக்கும் 20 டிகிரி வித்தியாசம் என்று வைத்தால், இரும்பு 0.14 மில்லிமீட்டர் நீளும், அக்ரிலிக் 0.84 நீளும். நம் ஊர் தகரக் கூரைக்குக் கீழே 20 டிகிரி பெரிய விஷயமே இல்லை. எனவே 5 மில்லிமீட்டர் போல்ட்டுக்குத் துளை 6.5 போடுங்கள், தகடு அசைய இடம் கொடுங்கள். ஓரத்திலிருந்து துளை விட்டத்தைப்போல் இரண்டு மடங்காவது தள்ளிப் போடுங்கள். கூம்புத் தலைத் திருகாணி வேண்டவே வேண்டாம். அது ஆப்பு மாதிரி இறங்கிப் பிளக்கும். தட்டைத் தலையும் வாஷரும் போட்டு, விரலால் இறுக்கியதற்கு மேல் கால் சுற்று. போதும்.

இன்று டிசைன் ஃபைலைக் கொடுத்தால் லேசரில் ஐந்து நிமிடத்தில் வெட்டித் தருகிறார்கள். வெட்டிய ஓரம் கண்ணாடிபோல் மின்னும். தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் அந்த ஓரத்திலும் சூடு விட்டுப்போன இழுவிசை உண்டு; ஸ்பிரிட் போட்டுத் துடைத்தால் அதுவும் விரியும். பாலிகார்பனேட்டை லேசரில் வைத்தால் பழுப்பேறிக் கருகும். பி.வி.சி. தகட்டை வைத்தால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வந்து ஆளையும் கெடுக்கும், இயந்திரத்தையும் அரிக்கும். ஆகவே அங்கேயும் முதல் கேள்வி ஒன்றுதான்: இது என்ன தகடு?

பெரியோர்களே, இந்தச் சபையில் ஒரு வேண்டுகோள் வைத்து முடித்துக்கொள்கிறேன். நம் கல்லூரிப் பணிமனையில் மாணவர்கள் இன்றும் இரும்பில் ஃபிட்டிங் செய்கிறார்கள், மரத்தில் மூட்டு செய்கிறார்கள். நல்ல விஷயம். ஆனால் பிளாஸ்டிக் தகட்டில் ஒரு துளைகூடப் போடாமலே வெளியே போகிறார்கள். நானும் அப்படித்தான் போனேன். இரண்டு சனிக்கிழமை எனக்குக் கொடுங்கள். துண்டுத் தகடும் பிட்டும் நான் கொண்டுவருகிறேன். பட்டனும் பிளைவுட்டும் சங்கம் வாங்கித் தரட்டும். ஒவ்வொரு குழுவும் ஒரு கேம் பலகை செய்யட்டும். முதல் தகட்டைக் கட்டாயம் உடைப்பார்கள், உடைக்கட்டும். இரண்டாவதைத் தின்னரில் துடைத்து, அடுத்த வாரம் வந்து பார்க்கட்டும். ஒரு அக்ரிலிக் துண்டு, ஒரு பாலிகார்பனேட் துண்டு இரண்டையும் துணியில் சுற்றிச் சுத்தியலால் ஒரு தடவை அடித்துப் பார்க்கட்டும். யாருடைய முகமும் கிழியாமல் இதைக் கற்றுக்கொள்ள இங்கே இடம் இருக்கிறது. டூல் ரூம் அண்ணன் இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். கூப்பிட்டால் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். அவரை இந்த மேடையில் நாற்காலி போட்டு உட்காரவைக்க வேண்டும் என்பது என் ஆசை.

வெளியே போகும் தம்பி, தங்கைகளுக்கு ஒன்றே ஒன்று. நாளைக்கு நீங்களும் ஒரு கோட்டுப்படத்தில் கையெழுத்துப் போடுவீர்கள். நேரம் இருக்காது, மேலே இருப்பவர் அவசரப்படுத்துவார், கட்டம் சின்னதாக இருக்கும். அந்தக் கட்டத்தில் பொருளின் முழுப்பெயரை எழுதுங்கள். பெயர் தெரியவில்லை என்றால் கேட்டுவிட்டு எழுதுங்கள். அந்தத் தகட்டுக்கு அந்தப் பக்கம் யாரோ ஒருவர் நின்று, நம்மை நம்பி உள்ளே பார்த்துக்கொண்டிருப்பார்.

சார், டீ நேரத்தில் இன்னொரு ஆட்டம் போடலாம். இந்தத் தடவை பட்டனைக் குறை சொல்லக்கூடாது.